விற்றுவிட்டால் விடுபட்டோமா?

சென்ற ஆண்டு மகாவீரர் நிர்வாணத் திருநாள் கழிந்து ஒரு வாரம் இருக்கும். அடையாற்றில் வசிக்கும் நம் அண்ணன் மகன் மயிலாப்பூரிலுள்ள நம் இல்லத்திற்கு வந்திருந்தான். பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு கூடத்தில் அமர்ந்தபின், "அத்தை, எனக்கு ஒரு தர்மசங்கடம். நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்" என்று தொடங்கினான். ஊரிலுள்ள நிலத்தைப் பற்றியோ, பெண்ணின் மேற்படிப்பைப் பற்றியோ கேட்கப் போகிறான் என்று எண்ணினோம். அவன் கேட்டது ஒரு குதிரையைப் பற்றி.

வாசகர்கள் நகைக்க வேண்டா. உழவு மாட்டைப் பற்றியும் பால் மறுத்த பசுவைப் பற்றியும் நம் முன்னோர் எத்தனையோ வழக்குகளைத் திண்ணையில் அமர்ந்து தீர்த்திருக்கின்றனர். நம் காலத்தில் குதிரை வந்திருக்கிறது, அவ்வளவே.

அவன் மகளுக்குப் பதினாறு வயது. சிறு வயது முதலே குதிரையேற்றம் பயின்று வருகிறாள். இரண்டாண்டுகளுக்கு முன் அவளுக்கென்றே ஒரு குதிரையை வாங்கிவிட்டான். கிண்டிப் பந்தயத்தில் ஓடி, வேகம் குறைந்ததும் கைமாறிய உயர்சாதிக் குதிரை, வயது எட்டு. புறநகரில் ஒரு லாயத்தில் மாத வாடகை கட்டி நிறுத்தியிருக்கிறான். முதலில் சில மாதங்கள் அடக்கமாகவே இருந்தது. பிறகு சேணம் வைக்கும்போதே காதை மடக்கிற்று. ஏறியவுடன் பின்னங்கால்களை உதறிற்று. இருமுறை பெண்ணைக் கீழே தள்ளிற்று. மூன்றாம் முறை விழுந்தபோது அவளுக்குக் காறை எலும்பு முறிந்தது. தாய், குதிரை இனி வேண்டவே வேண்டாம் என்கிறாள். மகள் அழுகிறாள். இதற்கிடையில் தியாகராய நகரில் மாப்பிள்ளை ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடும் ஒருவர் வந்து பார்த்து, நல்ல விலையும் பேசிவிட்டாராம்.

"விற்றுவிடு. பெற்ற பிள்ளையைவிடக் குதிரை பெரிதா?" என்றோம். இதைச் சொல்ல நமக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவன் முகம் தெளியவில்லை. சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "விற்கும்போது அது மூன்றுமுறை தள்ளிவிட்டதைச் சொல்ல வேண்டுமா, அத்தை? அவர் கேட்கவில்லை" என்றான். அதற்கு நம்மிடம் உடனே விடையில்லை. அவன் சென்றபின் அன்றிரவு வெகுநேரம் உறக்கமும் வரவில்லை.

கேட்டால் சொல்வேன், கேட்காவிடில் வாளாவிருப்பேன் என்பது சந்தையில் உள்ள வழக்கம். பொய்யாமை என்னும் விரதத்தை வாயளவில் காப்பாற்ற இது போதும் என்று பலர் கருதுகின்றனர். ஆயின் இந்தக் குதிரையின் செய்தியைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். குற்றத்தைச் சொன்னால் விலை பாதியாகும், அல்லது வாங்குபவர் போய்விடுவார். சொல்லாவிடில் முழு விலை கிடைக்கும். ஆகவே அந்த மறுபாதி விலை எதற்காகக் கிடைக்கிறது? குதிரைக்காக அன்று, நம் மௌனத்திற்காக. அந்த மௌனத்தின் கேடு, என்றோ ஒரு நாள் முகூர்த்த வேளையில் பட்டுடுத்தி அதன்மேல் ஏறி அமரப்போகும் எந்த வீட்டுப் பிள்ளைக்கோ நேரும். அவனை நாம் அறியோம்; அறியாதவன் என்பதால்தான் இந்த வியாபாரம் நமக்கு எளிதாயிருக்கிறது.

மறுநாள் தொலைபேசியில் இதைக் கூறியபோது அவன் தானாகவே ஒன்று சொன்னான். இந்தக் குதிரை பந்தயத்தை விட்ட நான்காண்டுகளில் நான்கு கை மாறியிருக்கிறதாம். தனக்கு விற்றவரும் ஒன்றும் சொல்லவில்லையாம். "அவரும் யாரிடமிருந்தோ இப்படித்தான் வாங்கியிருப்பார், அத்தை" என்றான்.

அவன் வேறொரு வாதத்தையும் எடுத்துவைத்தான். படித்த பிள்ளை, நம் நூல்களையும் புரட்டியவன். நாற்கால் உயிர்களை வைத்திருப்பது பரிக்கிரகத்தில் அடங்கும் அல்லவா? பொருள் வரைதல் என்னும் ஐந்தாம் அணுவிரதம் உடைமையைக் குறைக்கச் சொல்கிறது. ஆகவே விற்பது விரதத்திற்கு உகந்ததே அன்றோ? வாதம் நேர்த்தியாக இருந்தது. அந்த நேர்த்தியே நமக்கு ஐயத்தை எழுப்பிற்று. பழைய ஏட்டை எடுத்துப் பார்த்தோம்.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கொல்லாமை விரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார்: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் தராமல் தடுத்தல். இவை ஐந்தும் கொலை அல்ல. கொல்லாதவன், தான் கொல்லவில்லை என்று நிம்மதியாக உறங்கும்போது செய்துகொண்டிருப்பவை. இது நாம் பள்ளிப் பருவத்திலேயே பாடம் செய்தது. நாம் மறந்திருந்தது வேறொன்று. சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஐந்தாம் விரதத்தின், அதாவது பொருள் வரைதலின், அதிசாரங்களைக் கூறுமிடத்தில் முதலில் வைப்பது 'அதிவாகனம்'; இறுதியில் வைப்பது 'அதிபாரவாகனம்'. விலங்கை அதன் ஆற்றலுக்கு மேல் ஓட்டுதல், அதன் மேல் மிகுபாரம் ஏற்றுதல். மிகுபாரத்தைக் கொல்லாமையின் அதிசாரங்களுள்ளும் அவரே முன்னர் எண்ணியிருக்கிறார். ஒரே குற்றத்தை இரண்டிடத்தில் ஏன் வைத்தார்? விலங்கின் முதுகு வலிப்பதற்கு முன்னே அதை உடையவனின் ஆசை வளர்ந்துவிடுகிறது என்பதனால் என்றே நமக்குப் படுகிறது. ஆகவே ஐந்தாம் விரதம் கேட்பது, எத்தனை குதிரை வைத்திருக்கிறாய் என்பதை மட்டுமன்று. அதனிடமிருந்து எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்பதையும்தான். நல்ல விலைக்கு விற்று அந்தப் பணத்தில் அடக்கமான வேறொரு குதிரை வாங்கலாம் என்பது அண்ணன் மகனின் திட்டம். இதில் குறைந்த உடைமை எது?

இன்னொன்றும் மனத்தில் உறுத்தியது. நாம் வசிக்கும் இந்த மயிலாப்பூரில் முற்காலத்தில் நேமிநாதர் ஆலயம் இருந்தது. கடல் கொள்ளுமுன் அத்திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பது நம் மரபு. நேமிநாதம் என்னும் இலக்கண நூலுக்கும் இவ்வூர்ப் பெருமான் பெயரே அமைந்தது. அந்த நேமிநாதர் துறவு பூண்டது எப்போது? தம் திருமண ஊர்வலத்தில், விருந்துக்கென அடைத்துவைத்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டுத் தேரைத் திருப்பியபோது. நாமோ பட்டாசுக்கும் மேளத்திற்கும் மிரளும் ஒரு பிராணியைத் திருமண ஊர்வலத்திற்கே அனுப்ப, "விற்றுவிடு" என்று இரண்டு நிமிடத்தில் கூறிவிட்டோம்.

அடுத்த ஞாயிறன்று, "அந்தக் குதிரையைப் பார்க்க வேண்டும்" என்றோம். எழுபது வயதைக் கடந்த பாட்டிக்கு லாயத்தில் என்ன வேலை என்று மருமகள் சிரித்தாள். ஆயினும் அழைத்துச் சென்றனர். கால்நடை மருத்துவர் ஒருவரையும் வரச் சொல்லியிருந்தான்.

குதிரைகளை நாம் அறியாதவர் அல்லோம். திருவல்லிக்கேணி லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாட்களில் மாலை வேளைகளில் மெரினா மணலில் சவாரிக் குதிரைகளைக் கண்டிருக்கிறோம். அவற்றின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். இது அப்படியன்று. பளபளக்கும் மேனி, நெற்றியில் வெண்சுட்டி. ஆனால் நின்ற இடத்திலேயே முன்கால்களை மாற்றி மாற்றி வைத்து இடமும் வலமும் அசைந்துகொண்டேயிருந்தது. "எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்டோம். ஆம் என்றார்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வெளியே அழைத்துச் செல்வார்களாம். பெண் படுத்தபின் அதுவும் இல்லை. எஞ்சிய நேரமெல்லாம் அந்த அறையில்தான் நிற்கிறது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். குதிரையின் இரைப்பை சிறியது. நாளின் பெரும்பகுதி மேய்ந்துகொண்டேயிருக்கப் படைக்கப்பட்ட பிராணி அது. பந்தயக் காலத்துப் பழக்கத்தில் அதற்குத் தீனி தானியமாகவே போகிறது; புல் குறைவு; நடையோ இல்லை. வயிற்றுப் புண் இத்தகைய குதிரைகளுக்கு மிகுதியும் வரும். பிறகு அவர் முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் குதிரை வெடுக்கென்று முதுகைத் தாழ்த்திக் காதை மடக்கிற்று. சேணத்தைக் கொண்டுவரச் சொல்லி வைத்துப் பார்த்தார். அது வேறொரு குதிரைக்குச் செய்யப்பட்டது. தோளுக்குப் பின்னால் வலப்புறம் அழுந்துகிறது.

அப்போது குதிரைக்காரர் வாய் திறந்தார். "அது எனக்குத் தெரியும் அம்மா. வலது பக்கம் வாரை இழுத்தால்தான் கோபப்படும். இடது பக்கம் ஒன்றும் செய்யாது."

"ஏனப்பா இதுவரை சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லையே அம்மா."

அந்த மனிதர் ஆறு மாதங்களாக நாள்தோறும் அதற்குத் தண்ணீர் காட்டி, உடம்பு தேய்த்து, சாணம் அள்ளியவர். பயிற்சியாளரைக் கேட்டார்கள், விற்றவரைக் கேட்டார்கள். இவரை ஒருவரும் கேட்கவில்லை.

இங்கே நம் சொந்தப் பழி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுமார் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நம் பணிக்காலத் தொடக்கத்தில், எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பலகையை உதைப்பான், பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைக் கிழிப்பான், ஒருமுறை நம்மீதே மைக்கூட்டை எறிந்தான். நம் பள்ளி அவனுக்கு மூன்றாவது பள்ளி. பயிற்சிக் கல்லூரியில், நடத்தைக்குக் காரணம் தேடாமல் நடத்தையைத் தண்டிக்கலாகாது என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர்தாம் நாம். எனினும் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளின் நலன் என்று கூறி, தலைமையாசிரியையிடம் நாமே மன்றாடி அவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்கச் செய்தோம். சான்றிதழில் 'நடத்தை: நன்று' என்று எழுதிற்று. அப்படி எழுதாவிட்டால் வேறு பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்பது காரணம். அவனுக்கு ஒரு காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது என்றும், பேசுவது பாதி கேட்காமலே முன்வரிசைப் பிள்ளைகள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக எண்ணிக்கொண்டிருந்தான் என்றும், அவன் போன பிறகு பள்ளி ஆயா ஒருத்தி சொல்லித் தெரிந்துகொண்டோம். அவளையும் நாம் முன்பு கேட்கவில்லை.

முரட்டுக் குதிரை என்றதும் நம் மக்களுக்குச் செஞ்சி தேசிங்கு ராசன் நினைவுக்கு வருவான். ஒருவரும் ஏற முடியாத டில்லிக் குதிரையை அடக்கினான் என்று கதைப்பாடல் கூறும். சித்தாமூர்ப் பக்கத்துப் பாட்டிமார்கள் வாயில் நாமே கேட்டிருக்கிறோம். கிரேக்க நாட்டு அலெக்சாந்தரைப் பற்றியும் அத்தகைய கதையுண்டு. தந்தை பிலிப்பு வேண்டாமென்று திருப்பியனுப்ப இருந்த குதிரை தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்பதை அச்சிறுவன் கவனித்து, அதன் முகத்தைக் கதிரவனை நோக்கித் திருப்பினான் என்று புளூடார்க்கு எழுதுகிறார். கவனித்தான் என்னும் அளவில் அக்கதை நமக்கு உவப்பானது. அதற்கு மேல் இக்கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் நமக்குத் தயக்கமுண்டு. அடக்கிய குதிரைகளை அவர்கள் எங்கே கொண்டுசென்றனர்? போர்க்களத்திற்கு. தேசிங்கு 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபுடன் பொருது இளம் வயதில் மாண்டான். அன்றியும், பதினாறு வயதுப் பெண்ணொருத்தி எலும்பு முறிந்தும் வீரத்தின் பேரால் மீண்டும் ஏறவேண்டும் என்று எவரும் சொல்லலாகாது. அவள் தாயின் அச்சம் நியாயமானது.

அதே புளூடார்க்கு ரோமானியப் பெரியவர் கேட்டோவின் வரலாற்றில் எழுதியிருப்பதுதான் நம் வழக்குக்கு நெருங்கியது. கேட்டோ சிக்கனத்திற்குப் பேர்போனவர். முதிர்ந்த அடிமைகளை விற்றுவிட வேண்டும், பயனற்ற வாய்க்குச் சோறிடலாகாது என்பது அவர் கொள்கை. ஸ்பெயின் படையெடுப்பில் தம்மைச் சுமந்த குதிரையைக் கப்பலில் கொண்டுவந்தால் அரசுக்குச் செலவாகும் என்று அங்கேயே விட்டுவந்தாராம். இது பெருந்தன்மையா, சிறுமையா என்று வாசகரே முடிவுசெய்யட்டும் என்கிறார் புளூடார்க்கு. ஆனால் தாம் எப்பக்கம் என்பதை மறைக்கவில்லை. தமக்கு உழைத்த கிழ எருதைக்கூடத் தாம் விற்கமாட்டார் என்கிறார். ஏதென்சு நகரத்தார் பார்த்தினான் கோயில் கட்டியபோது நன்கு உழைத்த கோவேறு கழுதைகளை வேலையினின்று விடுவித்தனராம். அவற்றுள் ஒன்று தானாகவே வந்து மற்றவற்றுடன் சேர்ந்து நடக்க, அதன் ஆயுள்வரை அரசுச் செலவில் தீனியிடுமாறு தீர்மானித்தனராம். கொல்லாமையை விரதமாகக் கொள்ளாத நாட்டார் இவ்வளவு எண்ணியிருக்கின்றனர்.

ஆனால் இந்தக் குதிரை அண்ணன் மகனுக்கு உழைக்கவில்லை, எலும்பைத்தான் முறித்தது. நன்றிக்கடன் இங்கே இல்லை. அப்படியாயின் கடமை எங்கிருந்து வருகிறது? அவன் வாங்கினான், அதிலிருந்துதான். பிறருடைய குதிரையாக இருந்தவரை அதன் முதுகைப் பற்றி அவனுக்குக் கேள்வியில்லை. காசு கொடுத்து, கட்டிவைத்து, பிறர் சேணத்தைப் போட்டு, தீனியின் வகையையும் தீர்மானித்தபின் அது உதறிற்று. உதறியதற்கு நாம் 'முரடு' என்று பெயரிட்டோம்.

எனில் விற்காமலே வைத்துக்கொள்ள வேண்டுமா? அப்படியும் உடனே சொல்ல நம்மால் இயலவில்லை. ஒருவரும் ஏறாமல், நாளெல்லாம் அறையில் அசைந்தாடிக்கொண்டு நிற்குமாறு வைத்திருப்பது அந்த ஐந்தில் முதலாவதான கட்டிவைத்தலே. தயையின் பேரால் செய்தாலும் கயிறு கயிறுதான். குதிரை இருபத்தைந்து ஆண்டு வாழக்கூடியது. இதற்கு இன்னும் பதினேழு இருக்கலாம். மாதாமாதம் லாயத்திற்குக் கட்டும் தொகையில் ஊரில் இரண்டு ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்று கணக்குப் பார்க்கும் மனம் நமக்கும் உண்டு. அயனாவரத்துப் பிஞ்ஜராபோலைப் போன்ற ஓரிடத்தில் விட்டுவிடலாமே என்று மருமகள் கேட்டாள். 1906 முதல் நடந்துவரும் அறச்சாலை அது. பெரும்பாலும் பசுக்களைப் பேணுவது. வசதியுள்ள ஒரு குடும்பம் தன் விளையாட்டின் மிச்சத்தைத் தருமத்தின் வாசலில் கட்டிவிட்டுப் போவது நமக்குச் சரியாகப் படவில்லை. பிறநாடுகளில் மருந்தூசியால் முடித்துவிடும் வழக்கமும் உண்டென்று யாரோ சொன்னார்கள். அதைப் பற்றி இந்த ஏட்டில் எழுத வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். நம் அடையாற்றில் கலாட்சேத்திரத்தை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் மாநிலங்களவையில் முன்மொழிந்த முயற்சியின் பயனாகப் பிராணிகள் வதைத் தடைச் சட்டம் 1960இல் வந்தது. 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்திற்கும் அவரே முதல் தலைவர். தக்க காரணமின்றி, பசியால் வருந்த நேரும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். முதன்முறைக்குத் தண்டம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அந்த ஐம்பது ரூபாய்க்கு இன்று அந்தக் குதிரைக்கு ஒருவேளைக் கொள்ளுகூடக் கட்டுப்படியாகுமா என்பது ஐயமே. சட்டம் இவ்வளவோடு நிற்கிறது. நல்ல விலைக்கு விற்றுவிட்டு, அப்புறம் அது எங்கே போயிற்று என்று கேளாதிருப்பதற்கு அதில் தண்டமில்லை.

கிண்டிப் பந்தயத் திடலை 2024 செப்டம்பரில் அரசு கையகப்படுத்திய செய்தி வந்தபோது குத்தகை பாக்கியைப் பற்றியும் நிலத்தின் ஏக்கரைப் பற்றியும் பேசாதவர் இல்லை. நாமும் பேசினோம். ஓட்டம் முடிந்த குதிரைகள் எங்கே போகின்றன என்று அதற்கு முந்தைய எழுபது ஆண்டுகளிலும் நாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. சூதாட்டத்தைக் கண்டித்து எத்தனையோ முறை வகுப்பில் பேசியிருக்கிறோம். ஓடிய பிராணியை அந்தப் பேச்சில் சேர்த்ததில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். ஊர்வலக்காரரிடம் அண்ணன் மகன் எல்லாவற்றையும் சொன்னான். மூன்று விழுகை, முறிந்த எலும்பு, முதுகு வலி, வெடிச் சத்தத்திற்கு மிரளுவது, யாவும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லவேளை சொன்னீர்கள்" என்று முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். சேணம் மாற்றப்பட்டது. தானியம் குறைந்து புல் கூடிற்று. குதிரைக்காரருக்குத் தனியே ஒரு தொகை கொடுத்து, காலையும் மாலையும் சவாரியின்றிக் கையில் பிடித்து நடத்திச் செல்ல ஏற்பாடாயிற்று. மூன்று மாதத்தில் முதுகு ஆறியது. அசைந்தாடுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தத்திற்கு இன்னும் துள்ளுகிறது. பெண் ஏறலாமா என்று கேட்டதற்கு மருத்துவர் இது அவளுக்கு ஏற்ற குதிரையன்று என்று தெளிவாகக் கூறிவிட்டார். ஆகவே வலியைத் தீர்த்ததால் வழக்கு தீர்ந்துவிடவில்லை.

"அப்படியானால் விற்கவே கூடாது என்கிறீர்களா, அத்தை?" என்று அண்ணன் மகன் மீண்டும் கேட்டான். விற்கலாம் என்றோம். எல்லாவற்றையும் சொன்னபின்னும் வேண்டும் என்கிற ஒருவர் வந்தால், அவர் லாயத்தை நீ நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அவர் வீட்டுக் குதிரைக்காரரிடமும் பேசிவிட்டு, வைத்துக்கொள்ள இயலாத நாளில் உன்னிடமே திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு, கிடைக்கும் விலைக்குக் கொடு என்றோம். "அப்படி ஒருவர் கிடைப்பாரா?" என்றான். கிடைக்காவிட்டால், வாங்கும்போது எண்ணாததை இப்போது எண்ணிக்கொள்ள உனக்குப் பதினேழு ஆண்டு இருக்கிறது என்றோம். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று பிறகு தோன்றியது. அந்தப் பெண்ணுக்கு வேறு குதிரை வாங்குவதை மட்டும் அவன் தானாகவே கைவிட்டான்.

பெண் ஞாயிறுதோறும் போய்வருகிறாள். ஏறுவதில்லை, தேய்த்துவிடுகிறாள், குளம்பைப் பார்க்கிறாள், குதிரைக்காரரிடம் ஏதேதோ கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறாள். "பாட்டி, வலது பக்கம் தொட்டால்கூட இப்போது காதை மடக்குவதில்லை" என்று சென்ற வாரம் சொன்னாள்.

பந்தயத்தை விட்ட குதிரைகளுக்கு மறுபயிற்சி கொடுப்பவர் ஒருவர் மாசியில் வந்து பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். உடனே வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குதிரையின் அருகில் அரைமணி நேரம் சும்மா நின்றுவிட்டு, மழை தொடங்குமுன் மறுபடி வருவதாகக் கூறிச் சென்றிருக்கிறார். அதுவரை லாய வாடகையை அண்ணன் மகன் கட்டி வருகிறான்.